தொடக்கத்தில் அணைந்துவிடும் மடிக்கணினி

தொடக்கத்தில் மடிக்கணினி அணைதல் என்பது, தொடக்கப் பொத்தானை அழுத்தியபின் இயங்குதளம் முழுமையாக ஏறிப் பயனரின் கைக்கு வருவதற்கு முன்பே கணினி தானாக அணைந்துவிடும் வழுவைக் குறிக்கும். இது தனியொரு பழுதன்று. பல பழுதுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி ஆகும். மின்வழங்கல், வெப்பம், நினைவகம், தாய்ப்பலகை ஆகியவற்றில் எதனாலும் இது நேரலாம். அரிதாக மென்பொருளாலும் நேரலாம்.

இவ்வழுவின் காரணத்தை அறிய உதவும் முதன்மையான தடயம், கணினி எந்தக் கணத்தில் அணைகிறது என்பதே. ஒரு நொடிக்குள் அணையும் கணினியும், நாற்பது நொடி ஓடி இயங்குதளத்தின் சின்னம் தோன்றியபின் அணையும் கணினியும் உரிமையாளரின் பார்வையில் ஒரே நோயுடையவை. உண்மையில் அவற்றின் பழுதுகள் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இயங்குதளத்தை மீள நிறுவுதல், வன்தட்டை மாற்றுதல் ஆகிய இரண்டும் இவ்வழுவுக்குப் பரவலாகச் செய்யப்படும் வைத்தியங்கள். பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே பயனற்றவை. முன்னது பயனற்றது மட்டுமன்று, அதுவரை கெடாமல் இருந்த கோப்புகளையும் அழித்துவிடக் கூடியது.

அணைதல், மீள்தொடங்குதல், உறங்குதல்

கணினி "நின்றுவிட்டது" என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் வேறுபட்ட மூன்று அடங்கும். உண்மையான அணைதலில் விசிறியின் ஓசை, திரையின் ஒளி, சிறுவிளக்குகள் யாவும் ஒரே கணத்தில் போய்விடும். மின்சாரத்தைத் துண்டித்தது போன்ற இந்நிகழ்வு ஏறத்தாழ எப்போதும் வன்பொருளின் அல்லது அதனைக் காக்கும் மின்சுற்றின் செயலாகும்.

மீள்தொடங்குதலில் திரை இருண்டு, எவரும் பொத்தானைத் தொடாமலே தயாரிப்பாளரின் சின்னம் மறுபடியும் தோன்றும். இது மென்பொருள் வழுக்களிலும் நினைவகக் கோளாறுகளிலும் மிகுதி. விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல், கடும் வழு ஏற்படும்போது நீலத்திரையைக் காட்டிவிட்டுத் தானே மீள்தொடங்குமாறு விண்டோஸ் இயங்குதளம் முன்னமைக்கப்பட்டுள்ளது; நீலத்திரை ஒரு நொடியில் மறைந்துவிடுவதால் பயனர் அதனை அணைதல் என்று எண்ணிவிடுகிறார். இவ்வகைக் குழப்பம் உலகளவில் நேர்ந்ததும் உண்டு. 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் புழு, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கணினிகளில் இன்றியமையாத ஒரு சேவையை முறித்தது. பல கணினிகள் 60 நொடிக் கணக்கைத் திரையில் காட்டிவிட்டு மீண்டும் மீண்டும் தொடங்கின. 2004 ஏப்ரல் இறுதியில் பரவிய சாசர் புழுவும் இவ்வாறே செய்தது. பிளாஸ்டர் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2003 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது வகை உறக்கம். மடிக்கணினியின் மூடி மூடப்பட்டுள்ளதா என்பதை, திரைச் சட்டகத்தில் உள்ள ஒரு சிறு காந்தத்தையும் அடிப்பகுதியில் உள்ள உணரியையும் கொண்டே கணினி அறிகிறது. காந்தம் பொருத்திய கைப்பேசி உறையோ காந்தப் பூட்டுடைய கைவளையோ விசைப்பலகையின் ஓரத்தில் இருந்தால், இயங்குதளம் ஏறியவுடன் மூடி மூடப்பட்டதாகக் கருதி உறங்கிவிடும். ஒரு மடிக்கணினியின் மேல் இன்னொன்றை அடுக்கி வைத்துப் பயன்படுத்தும்போதும் இது நேரும். சிறுவிளக்கு மெல்ல மினுக்கிக் கொண்டிருந்தால் கணினி அணையவில்லை என்று கொள்ளலாம்.

தொடக்கத்தின்போது நிகழ்வன

மடிக்கணினியில் முதலில் விழிப்பது நுண்செயலி அன்று. உட்பொதி கட்டுப்படுத்தி எனப்படும் சிறிய சில்லு ஒன்று, கணினி அணைந்துள்ளபோதும் சிறிதளவு மின்சாரத்தில் விழித்தே இருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டதை உணர்வது, மின்கலத்தின் நிலையை அறிவது, விசிறியை ஓட்டுவது ஆகியன இதன் பணிகள். இது கட்டளையிட்டதும், மின்னேற்றி தரும் ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ட் மின்னழுத்தம் தாய்ப்பலகையில் 5 வோல்ட், 3.3 வோல்ட், நினைவகத்துக்குரிய மின்னழுத்தம், நுண்செயலிக்குரிய ஏறத்தாழ 1 வோல்ட் எனப் படிப்படியாக இறக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் சரியாக அமைந்ததாகச் சைகை வந்த பின்னரே அடுத்தது தொடங்கும். ஏதேனும் ஒன்று வரவில்லையெனில், அல்லது அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தால், கட்டுப்படுத்தி அனைத்தையும் உடனே நிறுத்திவிடும்.

அதன்பின் பயாஸ் அல்லது அதற்கு அடுத்து வந்த யூ.ஈ.எஃப்.ஐ எனும் நிலைபொருள் இயங்கி நினைவகம், விசைப்பலகை, வரைவியல் சில்லு, வட்டு ஆகியவற்றைச் சோதிக்கிறது. இறுதியாக இயங்குதளத்தின் ஏற்றி அழைக்கப்படுகிறது. பயாஸ் நிலையில் நுண்செயலி அதிகம் உழைப்பதில்லை. இயங்குதளம் ஏறும்போதுதான் அதன் கருக்கள் எல்லாம் முழு வேகத்தில் ஓடுகின்றன. வரைவியல் சில்லின் இயக்கி ஏறுகிறது. வட்டு இடைவிடாது படிக்கப்படுகிறது. எனவே தொடக்கத்தின் கடைசிப் பகுதியே மின்னோட்டமும் வெப்பமும் திடீரென உயரும் பகுதியாகும். விண்டோசின் சின்னம் தோன்றும்போது அணைவதால் விண்டோஸ்தான் காரணம் என்ற முடிவு பிழையாவது இதனாலேயே. சுமையை முதன்முதலில் ஏற்றுவது விண்டோஸ். சுமையைத் தாங்காதது வேறொன்று.

நேரத்தைக் கொண்டு கண்டறிதல்

பொத்தானை அழுத்தி ஒரு நொடிக்குள், விசிறி ஒருமுறை அசைந்து நிற்குமாயின், தாய்ப்பலகையிலோ அதனுடன் இணைந்த ஓர் உறுப்பிலோ மின்குறுக்கு இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. வளைந்த ஊசியுடைய யூ.எஸ்.பி துளைகூட இதற்குப் போதுமானது.

ஒவ்வொரு முறையும் மாறாமல் நான்கு முதல் பத்து நொடிக்குள் அணையுமாயின், வேறு எதையும் ஐயுறுவதற்கு முன் தொடக்கப் பொத்தானையே ஐயுற வேண்டும். பொத்தானைத் தொடர்ந்து நான்கு நொடி அழுத்தினால் கணினி கட்டாயமாக அணைய வேண்டும் என்பது 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் இணைந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ எனும் மின் மேலாண்மைத் தரப்பாட்டின் வழக்கம். சில தயாரிப்பாளர்கள் இதனை மேலும் சில நொடிகள் நீட்டியுள்ளனர். சிந்திய தேநீரோ தூசியோ பொத்தானை அழுந்திய நிலையிலேயே பிடித்து வைத்திருந்தால், கணினி தொடங்கிச் சில நொடியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். தாய்ப்பலகை பழுது எனக் கூறப்பட்டுக் கைவிடப்படும் கணினிகளில் இவ்வகையும் உண்டு. ஆகவே, நேரம் துல்லியமாக ஒன்றாகவே இருப்பது ஏதோ ஒரு கடிகாரம் எண்ணுகிறது என்பதைக் காட்டும். (தொடக்கத்தோடு தொடர்பற்றதாயினும் இதே போன்ற இன்னொன்று: நிலைபொருளில் மேலாண்மைப் பொறிக்குரிய பகுதி சிதைந்த இன்டெல் கணினிகள் பல, சரியாக 30 நிமிடத்தில் அணைந்துவிடும்.)

இயங்குதளம் ஏறும்போது அணைவது சுமை தொடர்பானது. இதில் மின்வழங்கலையும் வெப்பத்தையும் பிரித்தறிய எளிய வழி, உடனே மறுபடியும் தொடங்கிப் பார்ப்பது. முதன்முறை 60 நொடி ஓடியது, அடுத்த முறை 30 நொடியும், அதற்கடுத்து 10 நொடியும் மட்டுமே ஓடி, ஒரு மணி நேரம் ஆறவிட்ட பின் மீண்டும் 60 நொடி ஓடினால் காரணம் வெப்பமே. ஆறவிட்டாலும் விடாவிட்டாலும் ஒரே இடத்தில் அணைந்தால் மின்வழங்கலையோ தாய்ப்பலகையையோ நோக்க வேண்டும்.

இயங்குதளத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு, கணினியைப் பயாஸ் அமைப்புத் திரையில் இருபது நிமிடம் விட்டுவைக்கலாம். இத்திரைக்கு வட்டோ இயங்குதளமோ தேவையில்லை. அங்கும் அணைந்தால் மென்பொருள் குற்றமற்றது என்பது உறுதியாகிவிடும். அங்கு அணையாமல் இருந்தால் மட்டும் மென்பொருள்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. சுமை குறைவாக இருந்ததால் தப்பியிருக்கலாம். அந்நிலையில் யூ.எஸ்.பி நினைவியிலிருந்து உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வழங்கலை நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது அடுத்த படி.

மின்வழங்கல்

மடிக்கணினிக்கு இரண்டு மின்மூலங்கள் உள்ளன என்பது பழுது பார்ப்பவருக்கு மேசைக்கணினியில் கிடைக்காத ஒரு வசதி. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, பேச்சுவழக்கில் சார்ஜர் எனப்படும் மின்னேற்றியில் மட்டும் ஒருமுறையும், மின்னேற்றியை நீக்கி மின்கலத்தில் மட்டும் ஒருமுறையும் தொடங்கிப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உள்ளே பொருத்தப்பட்ட மின்கலமுடைய புதிய கணினிகளில் அடிமூடியைத் திறந்து இணைப்பியைக் கழற்ற வேண்டும். லெனோவோவின் திங்க்பேடு வரிசையில் பலவற்றில் உள் மின்கலத்தைத் துண்டிக்கும் தெரிவு பயாஸ் திரையிலேயே உள்ளது.

மின்கலத்தில் மட்டும் அணைந்தால் மின்கலம் மூப்படைந்துள்ளது. இலித்தியம் மின்கலம் பழையதாகும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு உட்தடையும் கூடுகிறது. மூன்று கலங்கள் தொடராக இணைந்த அடுக்கு முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் தரும். நுண்செயலி திடீரென மின்னோட்டத்தை இழுக்கும்போது, உட்தடை கூடிய அடுக்கின் மின்னழுத்தம் கணநேரத்தில் சரிந்து, பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கு முந்தைய நொடி வரை திரையில் 60 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்ததில் பொய்யில்லை. மின்னூட்டம் இருக்கிறது, வேகமாகக் கொடுக்க இயலவில்லை. கைப்பேசிகளில் இதே இயற்பியல் பெரும் விவகாரமானது. ஐபோன் 6எஸ் கருவிகள் எதிர்பாராமல் அணைந்ததை அடுத்து, 2016 நவம்பரில் ஆப்பிள் ஒரு பகுதிக் கருவிகளுக்கு மின்கலம் மாற்றித் தந்தது. 2017 ஜனவரியில் வெளியான இயங்குதள இற்றைப்படுத்தலில் மூத்த மின்கலமுடைய கருவிகளின் வேகத்தைக் குறைத்தது. இதனை 2017 டிசம்பரில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மின்னேற்றியில் மட்டும் அணைந்தால் மின்னேற்றி, அதன் கம்பி, கணினியில் அது செருகும் துளை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் காட்டுகிறது என்பதால் மின்னேற்றி நலமாக உள்ளது என்று கொள்வது பரவலான பிழை. சுமையின்றி அளக்கப்பட்ட மின்னழுத்தம், சுமையின்கீழ் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதே திறனுடைய, நன்றாக இயங்குவதாகத் தெரிந்த இன்னொரு மின்னேற்றியை மாட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. செருகி ஒத்துப்போவது மட்டும் போதாது: 90 வாட் கேட்கும் கணினிக்கு 65 வாட் மின்னேற்றியை மாட்டினால், தேய்ந்த மின்கலம் துணைக்கு வராத நிலையில், தொடக்கத்தின் உச்சச் சுமையில் அது கைவிடலாம். டெல் மின்னேற்றிகளின் செருகியில் நடுவே உள்ள மெல்லிய ஊசி, மின்னேற்றியின் திறனைக் கணினிக்கு அறிவிக்கிறது; ஊசி வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ மின்னேற்றியின் வகை தெரியவில்லை என்ற எச்சரிக்கை தோன்றி, மின்கலம் ஏறாமல் போகும். யூ.எஸ்.பி-சி வழி மின்னேற்றும் கணினிகளில் மின்னழுத்தம் பேசி முடிவு செய்யப்படுவதால், கைப்பேசியின் மின்னேற்றி ஒன்றை மாட்டிவிட்டுக் கணினி தொடங்கவில்லை என்று கவலைப்படுவோரும் உள்ளனர்.

உப்பிய மின்கலம் இவ்வனைத்திலிருந்தும் வேறானது. தொடுபலகை மேலெழும்பியிருந்தால், அடிமூடி பிதுங்கியிருந்தால், மேசைமேல் வைக்கும்போது கணினி ஆடினால் சோதனைகளை நிறுத்திவிட்டு மின்னேற்றியைக் கழற்றிவிட வேண்டும். உப்பிய கலத்தை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்தில் முடியலாம். 2006 ஆகஸ்டில் சோனி தயாரித்த கலங்களைக் கொண்ட மின்கலங்களை டெல் ஏறத்தாழ 41 இலட்சமும் ஆப்பிள் ஏறத்தாழ 18 இலட்சமும் திரும்பப் பெற்றதற்குக் காரணம், கலங்கள் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே.

வெப்பம்

மடிக்கணினியின் நுண்செயலியில் எழும் வெப்பம், வெப்பக் கடத்திப் பசை வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து செப்புக் குழாய் வழியாக மெல்லிய தகடுகளுக்கும் சென்று, விசிறியின் காற்றால் வெளியேறுகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றே. மிகப் பரவலாக அறுவது கடைசிக் கண்ணி: விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே தூசி படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டு போல் அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுழல்வது தெரியும்; காற்று மட்டும் வராது. எனவே விசிறி ஓடுகிறதா என்று காதால் கேட்பதைவிட, வெளியேறும் வழியில் கையை வைத்துப் பார்ப்பது சிறந்தது.

இன்டெல் நிறுவனத்தின் மடிக்கணினிச் செயலிகள் பலவும் 100 அல்லது 105 பாகை செல்சியசை எட்டும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதையும் மீறி ஏறத்தாழ 20 முதல் 30 பாகை வரை உயர்ந்தால், இயங்குதளத்தைக் கேளாமலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சைகையைச் செயலி அனுப்புகிறது. இக்காப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையத்தளம், ஓடிக்கொண்டிருக்கும் மேசைக்கணினிகளின் வெப்பத் தணிப்பியைக் கழற்றி எடுத்துப் படம்பிடித்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது, ஏ.எம்.டியின் அத்லான் செயலி சில நொடிகளில் கருகியது. ஆகவே சூடேறி அணையும் கணினி பழுதானது என்பதைக் காட்டிலும் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே பொருத்தம். மறுபடி மறுபடி தொடங்கி அக்காப்பைச் சோதிப்பது நல்லதன்று.

விசிறி அறவே சுழலாவிட்டால் சில கணினிகள் சூடேறும் வரை காத்திருப்பதில்லை. திங்க்பேடு கணினிகள் தொடக்கத்திலேயே விசிறி வழு எனும் பொருள்தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கருந்திரையில் காட்டிவிட்டுச் சில நொடிகளில் அணைந்துவிடும். எச்.பி கணினிகள் 90பி என்ற குறியுடன் எச்சரித்து, பயனர் தொடர விரும்புவதாகத் தெரிவிக்காவிட்டால் அணைகின்றன. இவை விசிறியை மாற்றினாலே தீர்ந்துவிடும் பழுதுகள். செய்தி தோன்றும் சில நொடிகளில் திரையைப் பார்க்கத் தவறியவர்களே தாய்ப்பலகை வரை செல்கின்றனர்.

தூசியை நீக்கியும் தீராதபோது, காய்ந்து பொடிந்த பசையை வழித்துவிட்டுப் புதிதாக மெல்லிய படலம் பூசப்படுகிறது. அண்மையில் பழுது பார்க்கப்பட்ட கணினி திடீரெனத் தொடக்கத்தில் அணையத் தொடங்கினால், தணிப்பியின் திருகுகள் சமமாக இறுக்கப்படாமல் தகடு ஒருபுறம் தூக்கி நிற்பதை முதலில் ஐயுறலாம். இந்நிலையில் பயாஸ் திரை தோன்றுவதற்குள்ளேயே செயலி வரம்பைத் தொட்டுவிடக்கூடும்.

2006 மேக்புக் வழு

தொடக்கத்தில் அணையும் வழுவுக்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டாக அமைவது ஆப்பிளின் முதல் மேக்புக். 2006 மே 16 அன்று அறிமுகமான இக்கணினி, சில மாதங்களிலேயே காரணமின்றி அணைவதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். அணைந்த கணினியை மறுபடி தொடங்கினால் சிறிது நேரம் ஓடி மீண்டும் அணைந்தது. ஆறவிட்டால் இன்னும் சிறிது கூடுதலாக ஓடியது. மின்கலம், நினைவகம், இயங்குதளம் எனப் பலவும் ஐயுறப்பட்டன. பலர் இயங்குதளத்தை மீள நிறுவிப் பார்த்தனர், வழு போகவில்லை.

அப்போது வெளியான விளக்கத்தின்படி, வெப்பத் தணிப்பிக்கு மிக அருகே வெப்ப உணரியின் கம்பி சென்றது. தணிப்பி சூடேறி விரிந்தபோது கம்பியைத் தொட்டு, அதன் உறையைச் சிதைத்து மின்குறுக்கை உண்டாக்கியது. உண்மையில் ஆபத்தான வெப்பம் இல்லாதபோதும், வெப்பத்தைக் காவல்காக்கும் சுற்றே கெட்டதால் கணினி அணைந்தது. ஆறியதும் உலோகம் சுருங்கித் தொடர்பு விலகியதால் மறுபடி தொடங்கியது. 2006 அக்டோபரில் கணினியின் உள் கண்காணிப்பைத் திருத்தும் நிலைபொருள் இற்றைப்படுத்தல் ஒன்றை ஆப்பிள் வெளியிட்டது. அதன்பின்னும் அணைந்தவை பழுது பார்த்துத் தரப்பட்டன. ஆறவிட்டால் நேரம் கூடும் எனும் தடயம் இங்கும் வெப்பத்தையே சுட்டியது; ஆனால் தூசியையோ பசையையோ நீக்கியிருந்தால் பயன் கிட்டியிராது.

நினைவகமும் பிற உறுப்புகளும்

நினைவகப் பழுது கணினியை அணைப்பதைவிட, திரை வராமல் நிறுத்துவதும் மீள்தொடங்க வைப்பதுமே மிகுதி. இரண்டு நினைவகப் பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு துளையிலும் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல்கள் இயங்குதளமின்றியே ஓடும். டி.டி.ஆர்5 நினைவகம் உடைய கணினிகள், நினைவகம் மாற்றப்பட்ட பின் முதன்முறை தொடங்கும்போது அதனை அளவிட்டுப் பழக, திரையின்றி ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்வது உண்டு. ஓரிரு முறை தாமே அணைந்து தொடங்குவதும் உண்டு. இது வழுவன்று. இடையில் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பவர், அப்பணியை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்.

வட்டு, கம்பியில்லா வலைப்பலகை, குறுவட்டு இயக்கி ஆகியவற்றில் மின்குறுக்கு உள்ளதா என்பதை அறிய, இன்றியமையாதவை தவிர அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொடங்கிப் பார்ப்பது வழக்கம்.

தாய்ப்பலகை

மேற்கண்டவை யாவும் விலக்கப்பட்ட பின்னரே தாய்ப்பலகையை நோக்க வேண்டும். நீர் சிந்தியதால் ஏற்பட்ட அரிப்பு, மின்குறுக்கான மின்தேக்கிகள், மின்னழுத்தத்தை இறக்கும் திரிதடையங்களின் பழுது ஆகியன பரவலானவை. தொழில்நுட்பர்கள், குறைந்த மின்னழுத்தத்தை வெளியிலிருந்து செலுத்தி, பலகையின்மேல் விரைந்து ஆவியாகும் சாராயத்தைத் தெளித்து, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்த்துக் குறுக்கான உறுப்பைக் கண்டுபிடிக்கின்றனர். வெப்பப் படக்கருவி உள்ளோர்க்கு இப்பணி இன்னும் எளிது.

2000களின் பிற்பகுதியில் வெளியான தோசிபா சாட்டிலைட் கணினிகள் சிலவற்றில் நுண்செயலிக்கு அடியில் பயன்பட்ட நெக்-டோக்கின் வகைத் தட்டை மின்தேக்கி, பழுது பார்ப்போரிடையே பெயர்பெற்றது. மூப்படைந்ததும் இதனால் செயலியின் திடீர் மின்னோட்டத் தேவையைத் தாங்க இயலாது. இத்தகைய கணினி பயாஸ் திரையில் மணிக்கணக்கில் நிற்கும். விண்டோஸ் ஏறும்போது அணையும் அல்லது உறையும். செயலியின் வேகத்தைக் குறைத்தால் ஓடும். இயங்குதளத்தை மீள நிறுவியே களைத்துப்போனவர்கள் இவ்வரிசையில் பலர்.

பற்றாசு விட்ட சில்லுகளைச் சமையல் அடுப்பில் வைத்துச் சூடேற்றும் வைத்தியம், 2008இல் என்விடியா தன் வரைவியல் சில்லுகள் சிலவற்றின் பொதிப் பொருள் குறைபாட்டுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்த காலத்தை ஒட்டிப் பரவியது. அது சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ மட்டும் பயன் தருவது. நெகிழிப் பாகங்களிலிருந்து எழும் புகை உணவு சமைக்கும் அடுப்புக்கு ஏற்றதன்று.

மென்பொருள்

மென்பொருளால் கணினி மீள்தொடங்குவது மிகுதி, முற்றாக அணைவது அரிது. அரிதாக அணைவதிலும், வெப்பம் மீறியதை உணர்ந்து இயங்குதளம் ஒழுங்காக அணைக்கும் நிகழ்வே பெரும்பான்மை. இவ்வாறு அணைக்கும்போது லினக்ஸ் அதனைத் தன் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 86 என்பது வெப்பத்தால் அணைக்கப்பட்டதைக் குறிக்கும். அதே பதிவேட்டில் அடிக்கடி காணப்படும் கெர்னல்-பவர் 41 என்பதோ, முந்தைய முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும் கூறும். அது காரணம் அன்று, விளைவின் பதிவு. அதனுடன் உள்ள வழு எண் சுழியமாக இருப்பின் நீலத்திரைக்குக்கூட நேரமின்றி மின்சாரம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

தொடக்கம் தொடர்ந்து தோல்வியுற்றால், விண்டோசின் புதிய பதிப்புகள் தானியங்கிச் சீரமைப்புத் திரையைக் காட்டுகின்றன. மின்கலத்தாலோ வெப்பத்தாலோ அணைந்த கணினியும் இத்திரையையே காட்டும் என்பதால், பழுது விண்டோசில் உள்ளது எனும் எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. மேலும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதால் கோப்பு முறைமை உண்மையாகவே சிதைந்து, வன்பொருள் பழுதின்மேல் மென்பொருள் பழுதும் ஏறிக்கொள்ளலாம். இவ்வாறான கணினியில் வன்பொருளைச் சரிசெய்யும் முன் இயங்குதளத்தை நிறுவ முயன்றால், நிறுவுதலின் நடுவே அணைந்து இருப்பதும் கெடும்.

கோப்புகளைக் காத்தல்

தொடக்கத்தில் அணையும் கணினியில் உள்ள கோப்புகள் பெரும்பாலும் கெடுவதில்லை. வட்டு தனியாகக் கழற்றக்கூடியதாக இருப்பின், அதனை விலை குறைந்த யூ.எஸ்.பி உறை ஒன்றில் இட்டு வேறு கணினியில் படிக்கலாம். ஆய்வேடு, குடும்பப் படங்கள், கணக்குகள் போன்றவை உள்ள கணினியில் வேறெந்தச் சோதனைக்கும் முன் இதனைச் செய்வதே முறை.

புதிய கணினிகளில் இது எப்போதும் இயல்வதில்லை. மலிவான பலவற்றில் நினைவுச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றாசு வைக்கப்பட்டுள்ளது. 2018 முதல் டி2 சில்லுடன் வந்த மேக்புக் கணினிகளில் சேமிப்பகம் மறையாக்கப்பட்டு, அதன் திறவி அச்சில்லோடு பிணைக்கப்பட்டுள்ளதால், பலகை உயிர்பெற்றால் மட்டுமே கோப்புகள் கிட்டும். விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கியிருந்தால் வட்டைக் கழற்றி எடுத்தாலும் 48 இலக்க மீட்புத் திறவி தேவை. மைக்ரோசாப்ட் கணக்கு வழியே அமைக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் இம்மறையாக்கம் பயனர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். திறவி அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தாய்ப்பலகையை மாற்றியபின்னும் கணினி இத்திறவியைக் கேட்கும் என்பதால், கணினியைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே வேறு கருவி ஒன்றிலிருந்து அக்கணக்கில் நுழைந்து திறவியை எழுதி வைத்துக்கொள்வது தேவை.

இவற்றையும் பார்க்க

மடிக்கணினி, தாய்ப்பலகை, பயாஸ், இலித்தியம் அயனி மின்கலம், நுண்செயலி, தரவு மீட்பு